சொகுசுக் கப்பலில் முதல் தடவையா? சாப்பாட்டு விஷயத்தில் என்ன செய்யலாம்

சென்னை, கோவை, மதுரை என்று எந்த ஊர் டிராவல் ஏஜென்ட்டிடம் போய் சிங்கப்பூர் பேக்கேஜ் கேட்டாலும் இப்போது கூடவே மூன்று நான்கு இரவுக் கப்பல் பயணத்தையும் சேர்த்துவிடுகிறார்கள். மெரினா பே குரூஸ் சென்டரில் ஏறினால் பினாங்கு, போர்ட் கிள்ளான், புக்கெட் என்று சுற்றிவிட்டு அதே இடத்தில் இறங்கலாம். சாப்பாடு டிக்கெட்டிலேயே அடக்கம், காலை ஆறு ஏழு மணியிலிருந்து நள்ளிரவு தாண்டியும் எங்கேயாவது ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போடுகிறவர்கள், எடையைக் குறைக்கப் பாடுபட்டுக்கொண்டிருப்பவர்கள், வயிறு கொஞ்சம் வம்பு பண்ணுகிறவர்கள் எல்லாருக்கும் கவலை ஆரம்பிப்பது இங்கேதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் நல்ல சாப்பாடு இல்லை என்பது உண்மையில்லை. ஆவியில் வேகவைத்த காய்கறி, எண்ணெய் இல்லாமல் வாட்டிய மீன், பருப்பு, கஞ்சி, கீரை எல்லாமே அந்தச் சமையலறையில் இருக்கிறது. நாம் கேட்பதில்லை, அவ்வளவுதான். கல்யாண வீட்டுப் பந்தியில் போட்டதைச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு, "எனக்கு இப்படிச் செய்து தாருங்கள்" என்று கேட்பதற்கே கூச்சமாக இருக்கும். கூடவே "காசு கொடுத்தாச்சே, விடுவானேன்" என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டால், கண்ணுக்கு எதிரே எது பளபளக்கிறதோ அதுதான் தட்டில் விழும். அந்தக் காசு நீங்கள் கேட்டதைச் செய்து தருவதற்கும் சேர்த்துத்தான்.

டிக்கெட் போடும்போது

உங்கள் உணவுக் கட்டுப்பாட்டை ஏஜென்ட்டிடம் வாயால் சொன்னால் போதாது. சைவம், ஜைன உணவு, குளூட்டன் ஒத்துக்காது, கடலை அலர்ஜி, உப்புக் குறைவு, எதுவாக இருந்தாலும் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் போகவேண்டும், அது பதிவாகியிருக்கிறது என்று பதிலும் வாங்கிவிடுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் அவகாசம் இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. அலர்ஜி உள்ளவர்கள் இதில் அலட்சியமாக இருக்கவே கூடாது.

அடுத்தது இரவுச் சாப்பாட்டு நேரம். பல கப்பல்களில் சாயங்காலம் ஐந்தரை ஆறு மணிக்கு ஒரு பந்தி, எட்டு மணி வாக்கில் இன்னொரு பந்தி, அல்லது எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்ற ஏற்பாடு. வீட்டில் எட்டரைக்குச் சாப்பிடுகிறவர் ஐந்தரைப் பந்தியை எடுத்தால் பதினோரு மணிக்குப் பசிக்கும், அந்நேரத்துக்குத் திறந்திருப்பது பெரும்பாலும் பீட்சாவும் சாண்ட்விச்சும் கேக்கும்தான். உங்கள் வழக்கமான நேரத்துக்குப் பக்கத்தில் எது வருகிறதோ அதைக் கேளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

எந்தக் கப்பல் என்பதும் கொஞ்சம் பாருங்கள். ஜென்டிங் ட்ரீம் கப்பலில் இந்தியர்கள் அதிகம் என்பதால் சைவ, ஜைனச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஆந்தம், ஓவேஷன் போன்ற கப்பல்களில் சோலாரியம் பிஸ்ட்ரோ என்று, பெரியவர்களுக்கான நீச்சல்குளத்தை ஒட்டி, எளிமையான சாப்பாட்டுக்கென்றே ஒரு இடம் உண்டு. செலிபிரிட்டி நிறுவனத்தின் சில கப்பல்களில் அதே மாதிரி அக்வாஸ்பா கஃபே. இவை எல்லாம் தனிக் கட்டணம் இல்லாத இடங்கள். ஆனாலும் பாதிப் பேருக்கு இவை இருப்பதே தெரியாமல் பயணம் முடிந்துவிடும், ஏனென்றால் எல்லாரும் போவது பெரிய பஃபேக்குத்தான்.

பெட்டி கட்டும்போது

கெட்டில், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு எதையும் கொண்டுபோகாதீர்கள். சூடாகும் சாமான்களைத் தீ விபத்துப் பயத்தால் கப்பலில் அனுமதிப்பதில்லை, சோதனையில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் கிண்டிய புளிசாதம், சப்பாத்திச் சுருள் எல்லாம் பெரும்பாலான நிறுவனங்களில் கூடாது. கடையில் வாங்கி, பிரிக்காத பாக்கெட்டாக இருந்தால் பொதுவாக விடுவார்கள். பாதாம், பொட்டுக்கடலை, உப்பு போடாத வேர்க்கடலை, சின்ன ஓட்ஸ் பாக்கெட் ஆகியவை நல்ல துணை. ஊறுகாய் பாட்டிலை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், உப்பு ஏற்கெனவே அங்கே தாராளமாகக் கிடைக்கிறது.

மாத்திரை, இன்சுலின், குளுக்கோமீட்டர் கைப்பையில் இருக்கவேண்டும். பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொண்டு கேபின் வாசலுக்கு அவர்கள் அனுப்புவார்கள், அது வந்துசேர சாயங்காலம்கூட ஆகலாம்.

ஏறிய அன்று

ஏறினவுடன் மொத்தக் கூட்டமும் லிஃப்டைப் பிடித்து மேல் டெக்கில் இருக்கும் பஃபேக்கு ஓடும். மதியம், பசி, புது இடம், குழந்தைகள் இழுக்கும் இழுப்பு, எல்லாம் சேர்ந்து அந்த முதல் தட்டிலேயே பிரியாணி, நூடுல்ஸ், பொரித்த மீன், மூன்று விதக் கேக் என்று ஏறிவிடும். பல கப்பல்களில் முதல் நாள் மதியம் கீழே உள்ள பெரிய டைனிங் ரூமும் திறந்திருக்கும், அல்லது வேறு சின்ன கஃபே ஏதாவது திறந்திருக்கும். ஏறும்போதே அங்கே நிற்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டு நேரே அங்கே போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

அன்றைக்குள் செய்யவேண்டிய முக்கியமான வேலை ஹெட் வெயிட்டரைப் பார்ப்பது. இரவுச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னதாகவே டைனிங் ரூமுக்குப் போனால் வாசலிலேயே இருப்பார். சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: எனக்குச் சர்க்கரை இருக்கிறது, உப்பும் எண்ணெயும் குறைவாக வேண்டும், பால் க்ரீம் வேண்டாம், இரவுக்கு எண்ணெய் தடவாத சப்பாத்தியும் பருப்பும் ஒரு காயும் கிடைக்குமா? பெரும்பாலும் கிடைக்கும். மறுநாளைக்கு என்ன வேண்டும் என்று முந்தின இரவே கேட்டு எழுதிக்கொண்டு போவதும் பல கப்பல்களில் வழக்கம்தான். ஊழியர்களில் பிலிப்பினோக்கள், இந்தோனேசியர்கள், இந்தியர்கள் நிறைய. நம் ஊரில் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போன பையன்கள் சமையலறையில் இருந்தாலும் ஆச்சரியமில்லை, அப்படி ஒருவர் மாட்டினால் உங்கள் பாடு கொண்டாட்டம்.

டைனிங் ரூம்தான் உங்கள் இடம்

என்னைக் கேட்டால் மூன்று வேளையில் இரண்டு வேளையாவது பஃபேயை விட்டுவிட்டு டைனிங் ரூமில் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வேன். உட்கார்ந்த இடத்துக்குச் சாப்பாடு வருகிறது, அளவாக வருகிறது, வருவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் பாதி ஆத்திரம் அடங்கிவிடும்.

மெனு மூன்று பகுதியாக இருக்கும்: முதலில் சூப், சாலட் வகை, அப்புறம் முக்கியமான சாப்பாடு, கடைசியில் இனிப்பு. மூன்றிலும் ஒவ்வொன்று வாங்கியே தீரவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. இரண்டு ஸ்டார்ட்டரை மட்டும் வாங்கிக்கொண்டு எழுந்துவிடலாம். முக்கியச் சாப்பாட்டில் பாதி அளவு கேட்கலாம். சாஸைத் தனிக் கிண்ணத்தில் வைக்கச் சொல்லலாம், இது சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் வெண்ணெயும் உப்பும் பெரும்பாலும் அந்தச் சாஸில்தான் ஒளிந்திருக்கிறது. உருளைக்கிழங்குப் பொரியலுக்குப் பதிலாக வேகவைத்த காய் கேட்கலாம். தினமும் மாறும் அயிட்டங்கள் தவிர, வாட்டிய கோழி நெஞ்சுக்கறி, சால்மன் மீன் மாதிரி எப்போதும் கிடைக்கும் சில எளிமையான வகைகளும் மெனுவின் ஓரத்தில் இருக்கும். எதுவுமே சரிப்படாத இரவில் அவை கைகொடுக்கும்.

உட்கார்ந்தவுடன் ஒரு கூடை ரொட்டியும் வெண்ணெயும் மேசைக்கு வரும். பேசிக்கொண்டே பிய்த்துப் பிய்த்து வாயில் போட்டால் சூப் வருவதற்குள் மூன்று ரொட்டி காலியாகியிருக்கும். "ஆளுக்கு ஒன்று வைத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இனிப்பு வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், விடுமுறைக்குத்தானே வந்திருக்கிறோம். மேசைக்கு ஒன்று வாங்கி நாலு ஸ்பூன் கேளுங்கள். 'சர்க்கரை சேர்க்காதது' என்று ஒரு இனிப்பு பெரும்பாலும் மெனுவில் இருக்கும், ஆனால் அதிலும் மைதாவும் க்ரீமும் உண்டு, மாற்றுச் சர்க்கரை சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடும். அது மருந்து மாதிரி என்று நினைத்து இரண்டு வாங்காதீர்கள்.

இந்தியச் சாப்பாடு என்றால் நல்லது என்ற நம்பிக்கை

நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பஃபேயில் இந்தியப் பகுதியைப் பார்த்ததும் ஒரு நிம்மதி, வீட்டுச் சாப்பாடு வந்துவிட்டது என்று. கிட்டே போய்ப் பாருங்கள். பனீர் மசாலா டிரேயின் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் விரல் கனத்துக்கு ஒதுங்கி நிற்கும், மேலே வெள்ளையாக க்ரீம் ஒரு சுழி. பக்கத்தில் வெண்ணெய் மினுங்கும் நான், அதற்குப் பக்கத்தில் பக்கோடா, அதற்கும் பக்கத்தில் குலாப் ஜாமூன். இதெல்லாம் வடக்கத்திய ஹோட்டல் சமையல், நம் வீட்டுச் சமையலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதே பகுதியில் பருப்பு இருக்கும், பெரும்பாலும் அதுதான் இருப்பதிலேயே உருப்படி. கரண்டியை மேலாக விடாமல் அடியிலிருந்து எடுத்தால் தாளித்த எண்ணெய் கொஞ்சம் தப்பும். தயிர், வெள்ளரிக்காய், கொஞ்சம் சாதம், இரண்டு கரண்டி பருப்பு, ஒரு காய். இது போதும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆசியக் கப்பல்களில் கீரை வதக்கலில் சிப்பிச் சாஸ், சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் பெலாச்சான் என்ற இறால் விழுது, காய்கறி சூப்பில் கோழித் தண்ணீர், புட்டிங்கில் ஜெலட்டின் என்று எதிர்பாராத இடத்தில் வரும். பார்த்தால் பச்சைக் காய்தான். ஒவ்வொன்றுக்கும் கேட்டுவிட்டு எடுங்கள்.

பஃபேக்குப் போயே ஆகவேண்டும் என்றால்

காலையில் பெரும்பாலும் போகவேண்டியிருக்கும், குறிப்பாகக் கரையில் இறங்கும் நாளில். முதலில் வெறும் கையோடு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றால் முதலில் வருவதையெல்லாம் போட்டுக்கொள்வோம், கடைசியில் நல்லது இருக்கும்போது தட்டில் இடம் இருக்காது. சின்னத் தட்டு ஓரத்தில் அடுக்கியிருப்பார்கள், அதை எடுங்கள். உட்காரும் இடம் சாப்பாட்டு மேசைகளை விட்டுத் தள்ளி, கடலைப் பார்த்து இருக்கட்டும்.

காலைக்கு என் தேர்வு கஞ்சி. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் சீனர்கள் சாப்பிடும் அரிசிக் கஞ்சி பெரும்பாலும் இருக்கும், மசிய வெந்து வெள்ளை வெளேரென்று, உப்புகூட அதிகம் இல்லாமல். சுற்றிலும் சின்னக் கிண்ணங்களில் உப்பு முட்டை, பொரித்த நெத்திலி, ஊறவைத்த காய், சோயா சாஸ் இருக்கும். அந்தக் கிண்ணங்களில்தான் வம்பு. இஞ்சித் துருவலும் வெங்காயத்தாளும் மட்டும் போட்டு, ஒரு அவித்த முட்டையோடு சாப்பிட்டால் வயிறு லேசாக இருக்கும். சர்க்கரை உள்ளவர்கள் மட்டும் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள், குழைந்த அரிசி சீக்கிரம் சர்க்கரையை ஏற்றிவிடும். அவர்களுக்கு ஆம்லெட் போட்டுத் தரும் மேசைதான் நல்லது. அங்கே நிற்பவர் ஒரு குழிக்கரண்டி எண்ணெயை அள்ளி ஊற்றும் முன்பே "எண்ணெய் கொஞ்சம் போதும், தக்காளி, காளான், கீரை நிறைய" என்று சொல்லிவிடவேண்டும். ஊற்றிய பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

கிரானோலா, பழத் தயிர், மஃபின், டப்பா ஜூஸ், இவை ஆரோக்கியம் போல வேடம் போட்டிருக்கும் சர்க்கரை. சாதாரணத் தயிரில் நறுக்கிய பழத்தைப் போட்டுக்கொள்ளலாம். சாலட் பகுதியில் மயோனைஸ் போட்டுக் கலந்த பாஸ்தா, உருளைக்கிழங்கு எல்லாம் சாலட் கணக்கில் சேராது. பச்சை இலை, வெள்ளரி, கேரட், கொண்டைக்கடலை எடுத்துக்கொண்டு எலுமிச்சையும் துளி ஆலிவ் எண்ணெயும் விட்டுக்கொள்ளுங்கள்.

பஃபே கூட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. பல கப்பல்களில் காலை உணவுக்கு ஒரு அட்டை கேபினில் வைத்திருப்பார்கள், அல்லது டிவியிலோ செயலியிலோ இருக்கும். ஓட்ஸ், பழம், தயிர், அவித்த முட்டை என்று வேண்டியதை டிக் செய்து முந்தின இரவே கதவில் மாட்டிவிட்டால் சொன்ன நேரத்துக்கு வாசலில் வந்து நிற்கும். சில நிறுவனங்களில் இதற்குக் கட்டணம் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள்.

கை கழுவுவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பஃபே வாசலில் சானிடைசர் இருக்கும், ஆனால் கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், எல்லாரும் தொட்ட கரண்டியைப் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகு இன்னொரு முறையும், அதுவும் நாம் கையால் சாப்பிடுகிறவர்கள்.

குடிப்பது

சாப்பாட்டில் மிச்சம் பிடித்ததை எல்லாம் குடிப்பதில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். 330 மில்லி கோலாவில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம், சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு மொத்தச் சக்தியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக, முடிந்தால் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருக்கட்டும் என்கிறது. அந்த 5 சதவீதம் என்பது கிட்டத்தட்ட 25 கிராம்தான், ஒரு கேனிலேயே தாண்டிவிடுகிறது. தேங்காய்ப் பாலும் அன்னாசியும் ரம்மும் கலந்த பீனா கொலாடா மாதிரிக் காக்டெயில்கள் இன்னும் மோசம், ஆல்கஹாலே கிராமுக்கு 7 கலோரி.

நாள் கணக்கில் காசு கட்டும் ட்ரிங்க்ஸ் பேக்கேஜை யோசித்து வாங்குங்கள். வாங்கிவிட்டால் கட்டிய காசை எடுக்கவேண்டுமே என்று தாகமில்லாதபோதும் கை நீளும். தண்ணீர், சாதாரண டீ, காபி பொதுவாக டிக்கெட்டிலேயே அடக்கம். பெரிய கப்பல்களில் குழாய்த் தண்ணீர் சுத்திகரித்ததுதான், குடிக்கலாம். டீ இருக்கும் இடத்தில் வெந்நீரும் எலுமிச்சைத் துண்டும் கிடைக்கும், இஞ்சி கேட்டால் சமையலறையிலிருந்து கொண்டுவந்து தருவார்கள். அலையில் வயிறு புரட்டும்போது அந்த இஞ்சி வெந்நீர், பச்சை ஆப்பிள், உப்பு பிஸ்கட், இவைதான் கப்பல்காரர்களே கொடுப்பது. வெறும் வயிற்றில் இருந்தால் குமட்டல் கூடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டிருங்கள்.

சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்குத் தனியாக

உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு டீஸ்பூன். கப்பலில் சூப், ஹாம், சாசேஜ், சீஸ், சோயா சாஸ் என்று போனால் மதியத்துக்குள் முடிந்துவிடும். சூப்பை விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். மூன்றாம் நாள் செருப்பு இறுக்குகிறது, மோதிரம் கழல மறுக்கிறது என்றால் உப்பைக் கவனியுங்கள், மூச்சு வாங்குவதும் சேர்ந்தால் கப்பல் டாக்டரைப் பாருங்கள்.

இன்சுலினைக் கேபினில் உள்ள மினிபாரில் நம்பி வைக்காதீர்கள். பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், மினிபார் பல கப்பல்களில் குளிர்பானத்தைச் சில்லென்று வைக்கும் அளவுக்குத்தான். மருந்துக்கான ஃபிரிட்ஜ் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், பயன்படுத்திய ஊசியைப் போட்டுவைக்கும் டப்பாவும் கேட்டால் தருவார்கள். வாந்தி எடுத்து எதுவும் உள்ளே நிற்கவில்லை என்றால் வழக்கமான மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு சும்மா படுத்துவிடாதீர்கள், சர்க்கரை இறங்கிவிடும், மருத்துவ அறைக்குப் போன் செய்யுங்கள். கடலையோடு கொஞ்சம் குளுக்கோஸும் சட்டைப்பையில் இருக்கட்டும்.

நேரக் குழப்பமும் உண்டு. சிங்கப்பூர், மலேசியா ஒரே நேரம், தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால். புக்கெட் பக்கம் போனதும் போன் தானாக மாறிவிடும், கப்பல் கடிகாரம் மாறினாலும் மாறும், மாறாமலும் இருக்கும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே கடிகாரத்தை, கப்பல் நேரத்தை, வைத்துக்கொள்ளுங்கள்.

கரையில் இறங்கும் நாள்

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போய்விடலாம், குயின் தெருவில் மகாமாரியம்மன் கோயில், சுற்றிலும் இட்லி தோசைக் கடைகள். கப்பல் சாப்பாடு அலுத்துப்போனவர்களுக்கு ஆவியில் வெந்த நாலு இட்லியும் சாம்பாரும் தேவாமிர்தம். அப்புறம் திரும்பி வந்து "மதியச் சாப்பாடு கப்பலில் ஃப்ரீதானே" என்று இன்னொரு முறை உட்காரவேண்டாம், அது தனி வேளை இல்லை.

கப்பலிலிருந்து பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழம், சமைத்த சாப்பாடு எல்லாவற்றுக்கும் பல துறைமுகங்களில் தடை உண்டு. பாக்கெட் கடலை, தண்ணீர் பாட்டில் போதும்.

குழந்தைகளுக்கு நீச்சல்குளம் பக்கத்தில் உள்ள ஐஸ்கிரீம் மெஷின்தான் கப்பலிலேயே பிடித்த இடம், கேட்க ஆளில்லை, தானே பிடித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று தடுத்தால் நீங்கள் தூங்கும்போது போய் வருவார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு ஒன்று என்று நேரம் வைத்துவிடுங்கள், நிற்கும். பெரியவர்களுக்கும் இதே விதி என்றால் இன்னும் நன்றாக நிற்கும். லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மூன்று நான்கு மாடி படியேறிவிடலாம், மேல் டெக்கில் நடப்பதற்கென்றே பாதையும் பல கப்பல்களில் இருக்கிறது, இரவுச் சாப்பாடு முடிந்ததும் அங்கே காற்று அருமையாக இருக்கும்.

கடைசி நாள் காலையில் பஃபே சந்தைக்கடை மாதிரி ஆகிவிடும், எல்லாரும் பெட்டியும் கையுமாக நிற்பார்கள். அன்றும் டைனிங் ரூம் திறந்திருக்கிறதா என்று முந்தின இரவே கேட்டுவைத்துக்கொண்டு அங்கே போங்கள். உங்களுக்காகத் தனியாகச் சமைத்துக்கொடுத்தவரின் பெயரைக் குறித்துக்கொண்டு, பிறகு வரும் கருத்துக் கேட்கும் மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். அவர்கள் வேலையில் அது கணக்கில் வரும்.